ஏழும் ஐந்தும் பன்னிரண்டு ஆகாத வழக்கு

ஒரு பாலிதீன் பை. அதற்குள் கொஞ்சம் புகையிலை, சிகரெட் சுற்றும் தாள் ஒரு பாக்கெட், உருளை வடிவில் இரண்டு துண்டுகள். ஒரு துண்டு 7 கிராம், இன்னொன்று 5 கிராம். 1989இல் கோவாவில் ரோந்து போன போலீசார் ஒரு வெளிநாட்டுக்காரரைச் சோதித்தபோது கிடைத்தது இவ்வளவுதான். இரண்டு துண்டும் சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்), மொத்தம் 12 கிராம் என்று பஞ்சநாமாவில், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஜரில், எழுதினார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒன்றரைப் பவுன் எடை. விசாரணை நீதிமன்றம் அதற்குக் கொடுத்த தண்டனை பத்து ஆண்டு கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

1993இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்து ஆண்டை ஆறு மாதமாக்கியது. சட்டத்தில் புதிதாக எதையும் கண்டுபிடித்து அல்ல. ஆய்வகத்துக்கு எத்தனை துண்டு போனது என்று கேட்டது, அவ்வளவே.

தீர்ப்புத் தொகுப்பு எண்ணைச் சொல்லி, ஏ.ஐ.ஆர். 1993 எஸ்.சி. 1456 என்று வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்து நீட்டும் தீர்ப்பு இது. சின்ன அளவு கஞ்சா, சரஸ் வழக்குகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வழக்குகளில் ஒருவர் என்ன செய்தார் என்பது பாதிக் கதைதான். தராசில் என்ன காட்டியது, அதில் எவ்வளவை நிரூபிக்க முடிந்தது என்பதில்தான் மீதி இருக்கிறது.

முதலில் அன்றைய சட்டம். போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. என்.டி.பி.எஸ். என்று சொன்னால்தான் கோர்ட் வளாகத்தில் எல்லோருக்கும் புரியும். ஒரே செடியிலிருந்து வரும் பொருட்களை இந்தச் சட்டம் வேறு வேறாகப் பார்க்கிறது. பூத்த அல்லது காய்த்த நுனி கஞ்சா. செடியின் பிசின் சரஸ். நுனி இல்லாமல் தனியாக வரும் இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள்ளேயே வராது. வடக்கே சில மாநிலங்களில், அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்கும் கடைகள் உரிமத்தோடு நடப்பது இதனால்தான். பாங்கு இந்தச் சட்டத்துக்குள் வராது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு ஜாமீன் உத்தரவில் சொன்னது.

அன்று கஞ்சா வைத்திருந்தால் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. சரஸ் என்றால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு, குறைந்தபட்ச அபராதம் ஒரு லட்சம். நீதிபதி இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஒரே ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது, 27ஆம் பிரிவு. அரசு அறிவித்த 'சிறிய அளவு'க்குள் இருந்து, சொந்த உபயோகத்துக்குத்தான் என்று காட்டினால், கஞ்சாவுக்கும் சரஸுக்கும் அதிகபட்சம் ஆறு மாதம். சரஸுக்கு அந்தச் சிறிய அளவு 5 கிராம், கஞ்சாவுக்கு 500 கிராம்.

அதாவது 5 கிராம் வரை ஆறு மாதம். அதைத் தாண்டினால் பத்து வருடம். நடுவில் படியே கிடையாது. மொட்டை மாடியிலிருந்து இறங்க ஏணி வைக்காமல் கட்டிய வீடு மாதிரியான சட்டம்.

12 கிராம் என்ற பஞ்சநாமா எழுத்து எவ்வளவு கனமானது என்பது இப்போது புரியும். ஆனால் ஆய்வகத்துக்குப் போனது இரண்டில் ஒரு துண்டு மட்டும். ஆய்வு செய்த அதிகாரி சாட்சிக் கூண்டேறி, அது சரஸ்தான் என்றார். அதன் எடை 5 கிராமுக்கும் குறைவு. மற்றத் துண்டை யாரும் சோதிக்கவில்லை. ஒரே பையில், ஒரே வடிவில், ஒரே ஆளிடம் கிடைத்தது. ஒன்று சரஸ் என்றால் மற்றதும் சரஸ்தானே என்று கீழ் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. நடைமுறையில் நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம்.

உச்ச நீதிமன்றம் அங்கேதான் நிறுத்தியது. ஒரு துண்டின் ஆய்வறிக்கையை வைத்து இன்னொரு துண்டும் அதே பொருள் என்று ஊகிக்க முடியாது. போதை தரும் எல்லாப் பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது, அதில் சொல்லியிருக்கும் பொருட்களுக்கு மட்டுமே பொருந்தும். எனவே ஒவ்வொரு துண்டும் அந்தப் பட்டியலில் உள்ள பொருள்தான் என்று நேரடியாகக் காட்ட வேண்டும். காட்டாத 7 கிராம் கணக்கில் சேராது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது கணக்கு வாத்தியாருக்குச் சரி. கோர்ட்டில் நிரூபித்த ஐந்துதான் நிற்கும், அதுவும் ஆய்வகத் தராசில் ஐந்துக்குக் கீழே.

தீர்ப்பு அதோடு விடவில்லை. கைப்பற்றிய மொத்தத்தையும் ஆய்வுக்கு அனுப்பிவிடுவது நல்லது. அது முடியாவிட்டால் ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும், ஒவ்வொரு துண்டிலிருந்தும் போதுமான மாதிரி எடுத்து, முறையாகப் பஞ்சநாமா எழுதி அனுப்ப வேண்டும் என்றும் அதிகாரிகளுக்குச் சொன்னது. முப்பது வருடம் கழித்தும் குறுக்கு விசாரணையில் உயிரோடிருக்கும் வாசகம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாதிரி எடுப்பது பற்றிய மத்திய அரசின் நிலையாணை ஒன்று 1989 ஜூன் மாதத்தில் வந்தது. மற்ற போதைப் பொருட்களுக்கு ஒரு மாதிரி 5 கிராமுக்குக் குறையக் கூடாது; அபின், கஞ்சா, சரஸ் மூன்றுக்கும் 24 கிராம் வேண்டும்; இரண்டாவது மாதிரியும் அதே அளவு என்றது அது. கையில் கிடைத்த மொத்தமே 12 கிராம். மாதிரிக்கே 24 வேண்டும். மூட்டைகளையும் பெட்டிகளையும் மனதில் வைத்து எழுதிய ஆணை அது. சட்டைப் பையில் கிடைக்கும் துண்டைப் பற்றி அதை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரே மாதிரியான பொட்டலங்களை நாற்பது நாற்பதாகச் சேர்த்து ஒரு மாதிரி எடுக்கவும் அதில் வழி இருந்தது. ஆனால் அதற்குப் பொட்டலங்கள் அளவிலும் எடையிலும் அடையாளத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். 7 கிராமும் 5 கிராமும் எந்தக் கோணத்திலும் அப்படி இல்லை. ஆக அந்தத் துண்டுகளுக்கு ஒரே வழிதான்: இரண்டையும் அப்படியே உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து அனுப்புவது. தபால் செலவுகூட மாறியிருக்காது.

எடை 5க்குக் கீழே வந்துவிட்டது, சரி. 27ஆம் பிரிவுக்குள் நுழைய இன்னொரு படி இருந்தது. சொந்த உபயோகத்துக்குத்தான், விற்பனைக்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அன்றைய சட்டம் எதிரியின் தலையில் வைத்திருந்தது. (குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுவது நம் நீதிமன்ற வழக்கம். யாருக்கு எதிரி என்று ஒரு நாளும் எனக்குப் புரிந்ததில்லை.) இந்தப் பொறுப்பு ஒரு பொறி. வழக்கை முழுதாக உடைக்க வேண்டுமென்றால் "என்னிடம் எதுவுமே இல்லை, போலீஸ் வைத்தது" என்று சொல்ல வேண்டும். தண்டனையைக் குறைக்க வேண்டுமென்றால் "நான் இழுக்கத்தான் வைத்திருந்தேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. முதல் பேச்சு தோற்றால் பத்து வருடம். இரண்டாவது பேச்சு, குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி.

கடைசியில் அந்தச் சரஸ் சொந்த உபயோகத்துக்கானதுதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால், போலீசார் எழுதிய பஞ்சநாமாவே அதற்குப் போதும். புகையிலையும் சுற்றும் தாளும் ஒரே பையில் இருந்தால் அது இழுக்கிறவனின் பை. விற்கிறவனிடம் தாள் பாக்கெட்டுக்குப் பதில் சின்னத் தராசு இருந்திருக்கும், சில்லறை நோட்டு இருந்திருக்கும், பத்துப் பதினைந்து குட்டிப் பொட்டலம் இருந்திருக்கும். அரசுத் தரப்பு தன் வழக்குக்காகச் சேர்த்த பொருட்களே எதிரிக்குச் சாட்சி சொன்னது போலத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆறு மாதம் என்பதைச் சும்மா படித்துவிட்டுப் போகக் கூடாது. 1989இல் பிடித்தது, 1993இல் முடிந்தது. அதே 1989இல் சட்டத்துக்குள் வந்த 32ஏ பிரிவு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கையைக் கட்டிய அந்தப் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2000 அக்டோபரில். இடையில் இருந்த பதினோரு ஆண்டுகளில், தண்டனை அதிகம் என்று வாதாடிக்கொண்டிருந்த சின்னக் கேஸ்காரர்கள் அந்த வாதம் முடியும்வரை பெரும்பாலும் உள்ளே இருந்தபடியேதான் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் லூபெக் நகரத்தில் ஒரு வழக்கு நடந்தது. சிறையில் இருந்த கணவரைப் பார்க்கப் போன பெண், கட்டிப்பிடித்தபோது 1.12 கிராம் ஹஷீஷைக் (நம் ஊர்ச் சரஸ்தான்) கைமாற்றினார். கீழ் நீதிமன்றம் இரண்டு மாதச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் நீதிபதி, இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு ஒத்துவருமா என்று கேட்டு வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1994 மார்ச் 9இல் பதில் வந்தது: போதைக்கு உரிமை என்று ஒன்று கிடையாது, தண்டனைச் சட்டம் செல்லும், ஆனால் எப்போதாவது தன் உபயோகத்துக்குச் சின்ன அளவு வைத்திருந்து, அடுத்தவருக்கு ஆபத்து இல்லையென்றால், பொதுவாக வழக்கு நடத்தாமல் விட வேண்டும். வழக்கே வேண்டுமா என்று அங்கே கேட்டார்கள். வழக்கு நிரூபணமா என்று நாம் கேட்டோம். நாம் இன்னும் இரண்டாவது கேள்வியிலேயேதான் நிற்கிறோம்.

இங்கே என்ன மாறியது? 2001 அக்டோபர் 2 முதல் சட்டத்தில் மூன்று படிகள் வந்தன: சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது. சரஸில் 100 கிராம் வரை சிறிய அளவு, வணிக அளவுக்குக் கோடு 1 கிலோ. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறியது, வணிக அளவுக்குக் கோடு 20 கிலோ. சிறிய அளவுக்கு அப்போது ஆறு மாதம். 2014 திருத்தத்தில் அது ஒரு வருடம் ஆனது. அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் கோவாப் பை இன்று பிடிபட்டால் 12 கிராம் முழுதும் நிரூபணமானாலும் 20(பி)(ii)(ஏ) பிரிவு, ஒரு வருடத்துக்கு மேல் போகாது.

மாறும்போதும் ஒரு கோடு போட்டார்கள். விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் புதிய தண்டனை அளவு பொருந்தும், மேல்முறையீட்டில் இருந்தவற்றுக்குப் பொருந்தாது. அந்தப் பிரிவினை சரிதான் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை சீக்கிரம் முடிந்தவன் பழைய பத்து வருடத்தில் மாட்டிக்கொண்டான், இழுத்தடித்தவனுக்குப் புதிய கணக்கு. எனக்கு இந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை.

சொந்த உபயோகமா விற்பனையா என்ற கேள்வியும் 2001இல் பிரிவிலிருந்து போய்விட்டது. இப்போது எடை மட்டும்தான். முன்னே சொன்ன பொறி ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கல்லூரி விடுதியில் 10 கிராமோடு பிடிபட்ட பையனும் 900 கிராமைப் பொட்டலம் போட்டு விற்றவனும் ஒரே பிரிவில் வந்து நிற்கிறார்கள். ஒரு கிலோ தாண்டினால் கஞ்சாவில் பத்து வருடம் வரை போகலாம். சில வழக்குகளில் எடை 1.100 கிலோ, 1.200 கிலோ என்று கோட்டுக்குச் சற்று மேலே வந்து உட்காரும்போது, பார் அசோசியேஷன் டீக்கடையில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பை நான் சாட்சியமாகச் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு எடையைப் பார்த்தால், ஈரம் எவ்வளவு, தண்டும் விதையும் எவ்வளவு, பையோடு எடை போட்டார்களா என்று கேட்காத வழக்கறிஞர் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் சொல்வேன்.

சிறிய அளவு வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போவதில்லை, மாஜிஸ்திரேட்டிடம்தான் வரும். அங்கே பெரும்பாலான வழக்குகளில் விசாரணையே நடப்பதில்லை என்பது வெளியே அதிகம் தெரியாத சங்கதி. பையன் நாலைந்து வாய்தா வந்து பார்ப்பான். வேலைக்கு லீவு கிடைக்காது. யாராவது "ஒத்துக்கோ தம்பி, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்வான். உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து, சில ஆயிரம் அபராதம். சாயங்காலம் வீட்டில் இருப்பான். அதற்கு அடுத்த வருடம் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போதுதான், அன்று கட்டியது ஃபைன் இல்லை, தண்டனை என்று அவனுக்கு உறைக்கும்.

நன்னடத்தை அடிப்படையில் விடலாமே என்று கேட்பார்கள். சட்டத்தின் 33ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும், 26, 27 பிரிவுகளில் தண்டிக்கப்பட்டவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கதவை மூடியிருக்கிறது. இன்று 27 என்பது போதைப்பொருளை உட்கொண்ட குற்றம் மட்டும். ஆக இழுத்தவனுக்குக் கதவு திறக்கும், இழுக்காமல் பையில் வைத்திருந்தவனுக்குத் திறக்காது. அடிமையானவர் என்று காட்டி 39ஆம் பிரிவில் சிகிச்சைக்குப் போகலாம். தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் 64ஏ பிரிவில் வழக்கிலிருந்தே விலக்கு கிடைக்கும். முதல் தடவை நண்பனிடம் வாங்கி வைத்திருந்த பையன் இரண்டுக்கும் பொருந்த மாட்டான். அவன் அடிமை இல்லை என்பதே அவனுக்கு எதிராகப் போகிறது.

ஜாமீனிலும் இதே குழப்பம். அதிகபட்சம் ஒரு வருடம் தண்டனையுள்ள குற்றம் பொதுவாக ஜாமீனில் விடத்தக்கது. டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் அப்படித்தான் சொன்னது. ஒரு நடிகையின் ஜாமீன் மனுவில் 2020 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இந்தச் சட்டத்தில் எல்லாக் குற்றமும் ஜாமீனில் விடத்தகாதவையே என்றது. எந்த ஊரில் பிடிபட்டான் என்பதைப் பொறுத்து அன்றிரவு எங்கே தூங்குவான் என்பது மாறும்.

இப்படியிருக்க, வழக்கை நடத்திப் பார்ப்பவர்களுக்குக் கோவாத் தீர்ப்பு இன்றும் கை கொடுக்கிறது. மாதிரி எடுப்பதை மாஜிஸ்திரேட் முன்னிலையில் செய்ய வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் 52ஏ பிரிவை வைத்துச் சொன்னது. 2022 டிசம்பரில் அதற்கென்று தனி விதிகளே வந்தன. 52ஏ தவறிவிட்டது என்பது மட்டுமே விடுதலைக்குப் போதாது என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. இவ்வளவுக்குப் பிறகும் அடிக் கேள்வி மாறவில்லை: எத்தனை பொட்டலம் எடுத்தீர்கள், அதில் எத்தனை ஆய்வகத்துக்குப் போனது?

ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சான்றுப்பொருளைக் கொண்டுவரச் சொன்னார்கள். பழுப்பு உறை, மூலையில் உடைந்த சிவப்பு அரக்கு, மேலே பேனா எழுத்து பாதி அழிந்திருந்தது. கிளார்க் கத்தரியால் ஓரத்தை வெட்டியதும் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரு வாடை மேஜை வரை வந்தது. உள்ளே செய்தித்தாளில் மடித்த ஆறு குட்டிப் பொட்டலம். ஒன்று அவிழ்ந்து தூள் உறையின் அடியில் கொட்டியிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பொட்டலங்களைத் தொடவே இல்லை. கூண்டில் நின்ற எஸ்.ஐ.யைப் பார்த்து, ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"இதுல எத்தனை மாதிரின்னு போட்டிருக்கு?"

"ஒண்ணுங்க ஐயா."

"எந்தப் பொட்டலத்துல எடுத்தீங்க?"

எஸ்.ஐ. மேஜையில் இருந்த ஆறையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஞாபகம் இல்லைங்க ஐயா."

டைப்பிஸ்ட் விசைப்பலகையில் அதைத் தட்டி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.